முதல் விமானமே ஜெட்டா?

ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கு ரிமோட் விமானம் விட ஆசை. நடிகர் அஜித் ஆலோசகராக இருந்த எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' அணி, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றதைப் படித்ததிலிருந்து இந்தப் பித்து.

"பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார்கள் உறவினர்கள். அதையும் மீறி, அவள் உண்டியல் காசோடு நானும் கொஞ்சம் போட்டு, பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஜெட் மாதிரி ஒன்றை வாங்கினேன். அம்மியும் பறக்கும் ஆடிக் காற்றில் விட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் தலைகுப்புற விழுந்து நொறுங்கிவிட்டது. "அப்பவே சொன்னோமே" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். பாவம், ரெண்டு நாள் அவள் சரியாகவே சாப்பிடவில்லை.

தப்பு அவள் மேல் இல்லை, என் மேல்தான். கோலம் பழகும்போது எடுத்த எடுப்பிலேயே சிக்குக் கோலமா போடுகிறோம்? விவரம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் சொன்ன பிறகே புரிந்தது. இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும், மெதுவாகப் பறக்கும் 'டிரெயினர்' விமானம்தான் பழகுபவர்களுக்கு ஏற்றது. சாய்ந்தாலும் பெரும்பாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். பால்சா மரத்தைவிட ஃபோம் நல்லது. உடைந்தால் பசை போட்டு ஒட்டிவிடலாம். சுற்றும் விசிறியில் விரல் படாமலும், பேட்டரி சார்ஜ் ஆகும்போதும் பெரியவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அறுப்பு முடிந்த சோளக்காட்டில், காற்று அடங்கிய விடியற்காலையில் பழகுகிறாள். விழுகிறது, ஒட்டுகிறாள், மறுபடி விடுகிறாள்.

தோழிகளே, உடைத்துவிட்டாளே என்று திட்டுமுன், பழக ஏற்றதைத்தான் வாங்கிக் கொடுத்தோமா என்று யோசியுங்கள். மகன் உடைத்திருந்தால், "விடு, பழகட்டும்" என்றுதானே சொல்லியிருப்போம்?

- ஒரு வாசகி, குஜிலியம்பாறை.