மாஸ்கோவில் கிடைத்த உத்தியோகம்



சென்ற திங்கள் இப்பகுதியில், கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் சாமான்களைப் பார்சலில் அனுப்பும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். இத்திங்கள், கடல் கடந்து செல்ல விரும்பும் பிள்ளைகளைப் பற்றி எழுத நேர்ந்துவிட்டது. நம்மோடு பார்சல் ஆபீஸில் பணி செய்யும் மூத்த நண்பரின் புதல்வனே அதற்குக் காரணம்.

இப்பிள்ளை நாகபுரியிலேயே பிறந்து வளர்ந்தவன். கணினி விஞ்ஞானத்தில் இவ்வாண்டு பட்டம் பெறுகிறான். வரும் கோடையில் ஜெர்மனிக்குச் சென்று, நாலு ஊர்களைப் பார்த்து, அங்கேயே ஓர் உத்தியோகமும் தேடிக்கொள்ள வேண்டுமென்பது அவன் அவா. செலவுக்குத் தகப்பனார் பிராவிடண்டு நிதியிலிருந்து பணம் எடுக்க வேண்டும். அந்தப் பணமோ மகளின் திருமணத்துக்கென்று மனத்தில் ஒதுக்கி வைத்தது. சங்கக் கூட்டம் முடிந்த ஒரு ஞாயிறு மாலை, அப்பிள்ளையின் தாயார், “தம்பி, நீங்கள் சொன்னால் கேட்பான். போக வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார். வாசற்படி தாண்டுவதற்குள் பிள்ளை நம் பின்னே வந்து, “மாமா, அப்பாவிடம் நீங்கள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்” என்றான்.

நமது படிப்போ பத்தாம் வகுப்போடு நின்றது. கணினி என்றால் நமக்குப் பார்சல் பதிவு செய்யும் கருவிதான். ஆகையால் இருவருக்கும் உடனே விடை சொல்லாமல், இத்தகைய பாதையில் முன்னர் நடந்தவர் எவரேனும் உண்டோ என்று தேடிப் படிக்கலானோம். அவ்வாறு அறிந்ததே டோனி ஹோர் என்னும் ஆங்கிலேயரின் வரலாறு.

இவர் 1934-ஆம் ஆண்டு கொழும்பு நகரில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் இவர் பயின்றது விஞ்ஞானமன்று. லத்தீனும் கிரேக்கமும் தத்துவமும். 1956-இல் பட்டம் பெற்றபின், அந்நாட்டில் அக்காலத்தில் வாலிபர்கள் அனைவருக்கும் விதிக்கப்பட்டிருந்த இராணுவ சேவையைக் கடற்படையில் செய்தார். அங்கே ரஷ்ய மொழி கற்றார். பின்னர் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பிப் புள்ளியியல் படித்தபோதுதான் கணினி அவருக்கு அறிமுகமாயிற்று. அடுத்து, மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் மாஸ்கோ அரசு சர்வகலாசாலைக்குச் சென்றார்.

அங்கே இருக்கையில் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ரஷ்ய மொழியைக் கணினியின் உதவியால் ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலைக்கு வர இயலுமா என்று கேட்டிருந்தார்கள். வாலிபர் உடனே அவ்வேலையைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார்.

அதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அகராதி முழுவதும் நீண்ட காந்த நாடாவில் அகர வரிசையில் பதிவாகியிருக்கும். வாக்கியத்தில் வரும் சொற்களை அவை வந்த வரிசையிலேயே தேடினால், நாடா முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சொற்களையும் முதலில் அகர வரிசையில் அடுக்கிவிட்டால், நாடா ஒரே ஓட்டத்தில் காரியத்தை முடித்துவிடும். இது நமக்கு நன்கு விளங்குகிறது. நாகபுரியிலிருந்து சென்னை செல்லும் வண்டியில் பல்லார்ஷா, வாரங்கல், விஜயவாடா, கூடூர் என்று நிலைய வரிசைப்படி பார்சல்களை ஏற்றினால், போகிற போக்கில் இறக்கிவிடலாம். வரிசை தப்பினால் ஒவ்வொரு நிலையத்திலும் அத்தனை மூட்டைகளையும் புரட்ட வேண்டியதுதான்.

சொற்களை விரைவாக அடுக்குவது எவ்வாறு? அடுத்தடுத்துள்ள இரண்டை ஒப்பிட்டு இடம் மாற்றிக்கொண்டே போகும் முறைதான் அவருக்கு முதலில் தோன்றியது. அது மெத்தனமானது என்று கண்டு வேறொன்றை யோசித்தார். நடுவே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வது. அதற்கு முந்தியவற்றை எல்லாம் இடப்புறமும், பிந்தியவற்றை வலப்புறமும் ஒதுக்குவது. எடுத்த சொல் தனக்குரிய இடத்தில் நின்றுவிடும். பிறகு இடப்புறக் குவியலையும் வலப்புறக் குவியலையும் தனித்தனியே அவ்வாறே பிரித்துக்கொண்டு போவது. உலகெங்கும் கணினிகளில் பயன்படும் “குவிக்சார்ட்” என்னும் முறை இவ்விதம் பிறந்தது.

நாமும் இதைச் சோதித்துப் பார்த்தோம். நம் சங்க இதழின் முகவரிச் சீட்டுகளைப் பின்கோடு எண் வரிசையில் அடுக்குவது ஒவ்வொரு திங்களும் நமக்கு வாய்த்த தொல்லை. இம்முறை நான்கு சிறுவர்களைத் தரையில் உட்காரவைத்துக் குவியல்களைப் பிரித்துக் கொடுத்தோம். உள்ளேயிருந்து காபி வருமுன் வேலை முடிந்துவிட்டது. 100 சீட்டுகளை அடுத்தடுத்து ஒப்பிட்டு மாற்றும் முறையில் அடுக்கினால் ஒப்பீடுகள் 4,950 வரை போகலாம். ஹோரின் முறையில் சராசரியாக ஏறத்தாழ 650 போதும். நம் நண்பரின் புதல்வன் கணக்கிட்டுச் சொன்னது இது.

இனி உத்தியோகத்தின் கதைக்கு வருவோம். 1960-இல் மாஸ்கோவில் ஒரு பிரிட்டிஷ் பொருட்காட்சி நடந்தது. எல்லியட் பிரதர்ஸ் என்னும் லண்டன் கம்பெனியார் தங்கள் கணினியைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தனர். வருவோர்க்கு விளக்கம் சொல்ல ரஷ்ய மொழி தெரிந்தவர் வேண்டும். ஹோர் மொழிபெயர்ப்பாளராக நின்றார். சில நாட்களுக்கான சிறு வேலைதான். ஆயினும் அப்பழக்கத்தின் பயனாக அக்கம்பெனியார் அவருக்கு உத்தியோகம் தந்தார்கள். 1960 ஆகஸ்டில் இங்கிலாந்தில் அவர்களிடம் கணினி நிரல் எழுதுபவராகச் சேர்ந்தார். எந்த வேலையை எண்ணி மாஸ்கோவில் சிந்தித்தாரோ, அவ்வேலையில் அமரவில்லை. அந்தச் சிந்தனையின் விளைவு மட்டும் அவரோடு வந்தது.

புதிய இடத்தில் மேலதிகாரி அவருக்குக் கொடுத்த முதற்பணி, வேறொருவர் கண்ட அடுக்குமுறை ஒன்றைக் கணினிக்கு எழுதித் தருவது. எழுதிக் கொடுத்துவிட்டு, “இதைவிட விரைவான முறை ஒன்று என்னிடம் உண்டு” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இருக்காது என்று அதிகாரி ஆறு பென்ஸ் பந்தயம் கட்டினார். பந்தயத்தில் ஹோரே வென்றார்.

எனினும், அம்முறையை விளக்குவது அவருக்கே கடினமாக இருந்தது. மாஸ்கோவில், தாம் அறிந்திருந்த கணினி மொழியில் குவியலைப் பிரிக்கும் பகுதியைத்தான் எழுத முடிந்தது. எஞ்சிய குவியல்களை நடத்திச் செல்லும் பகுதி கைகூடவில்லை. 1961-இல் பிரைட்டன் நகரில் ஆல்கால் என்னும் புதிய கணினி மொழியைப் பற்றிய வகுப்புக்குச் சென்ற பிறகே அதைச் சுருக்கமாக எழுதும் வழி தெரிந்தது. அவ்வாண்டு ஜூலையிலேயே அது அச்சேறியது. 1980-இல் கணினி விஞ்ஞானத்தின் தலைசிறந்த விருதாகிய டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

இவ்வரலாற்றை நண்பர் வீட்டுக் கூடத்தில் அனைவரும் இருக்கையில் சொன்னோம். பின்னர் பிள்ளைக்கு ஒன்றும் பெற்றோர்க்கு ஒன்றுமாக நம் கருத்தைத் தெரிவித்தோம்.

பிள்ளைக்குச் சொன்னது இது: “தம்பி, ஹோர் வெறுங்கையோடு மாஸ்கோ வீதியில் நின்றவர் அல்லர். அவருக்குச் சர்வகலாசாலையில் இடம் இருந்தது. அந்நாட்டு மொழி நாவில் இருந்தது. நீ வீட்டில் தமிழும், பள்ளியில் மராத்தியும், கடைத்தெருவில் இந்தியும், கல்லூரியில் ஆங்கிலமும் பேசுகிறவன். ஐந்தாவதாக ஜெர்மன் உனக்குச் சுமையாகாது. இன்றே தொடங்கு. சிறு வேலை என்று எதையும் தள்ளாதே. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாமென்று எவரேனும் சொன்னால் நம்பாதே. அதில் 180 நாட்களில் 90 நாள் தங்கலாமேயன்றி உத்தியோகம் பார்க்கலாகாது. 2024 ஜூன் முதல் ஜெர்மானியர், வேலை தேடி வருவோர்க்கென்றே ‘வாய்ப்பு அட்டை’ வழங்குகிறார்கள். அதில் ஓராண்டு வரை தங்கி, வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் செய்யலாம். ஆனால் உன் பட்டம் அங்கே செல்லுமா என்று பார்க்க வேண்டும். செலவுக்குப் பணமும் காட்ட வேண்டும்.”

பெற்றோர்க்குச் சொன்னது இது: “பிள்ளை எண்ணிப் போகும் வேலை கிடைக்காமல் திரும்பக்கூடும். அதனால் பயணம் வீணென்று ஆகாது. நம் தந்தைமாரும் முன்பின் தெரியாத இவ்வூரில் ரயிலை விட்டு இறங்கியவர்கள்தாமே. ஆனால் மகளின் பணத்தில் கைவைக்க வேண்டாம்.”

தகப்பனார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “விமானக் கட்டணத்தை நான் தருகிறேன். மற்றதை அவன் சம்பாதித்துக் காட்டட்டும்” என்றார். பிள்ளையின் முகம் வாடியது, எனினும் ஒப்புக்கொண்டான். முதலில் புனேயில் ஓராண்டு வேலை பார்த்து, ஜெர்மன் கற்று, அடுத்த கோடையில் புறப்படுவதென்று முடிவாயிற்று.

தாயார் மட்டும் இன்னும் முழுமனத்தோடு சம்மதிக்கவில்லை. நம்மை வழியனுப்ப வாசல் வரை வந்தவர், “போகட்டும், தம்பி. ஆனால் திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள்” என்றார். அதற்கு மட்டும் நம்மிடம் விடை இல்லை.

அயல்நாடு சென்று வேலை தேடிய அனுபவமுள்ள பிள்ளைகள் நம் குடும்பங்களில் இருப்பின், நல்லதோ கெட்டதோ, உள்ளபடி எழுதியனுப்புமாறு வேண்டுகிறோம். அடுத்த திங்கள் சந்திப்போம்.