65 வயதோடு உதவி நிற்கக் கூடாது
மூத்த பெண்களின் பராமரிப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

கல்யாண் கிழக்கில் வாழும் தமிழ்ப் பெண்களின் கூட்டமைப்பாக இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

பேரப்பிள்ளையையும் படுக்கையில் விழுந்த கணவரையும் பார்த்துக்கொள்ளும் வயதான பெண் ஓர் உழைப்பாளி. அவர் தளரும்போது பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மருமகளின் தலையில் மட்டும் விழக் கூடாது. வீட்டு ஆண்களுக்கும் மாநகராட்சிக்கும் அரசுக்கும் அதில் பங்குண்டு.

மகனும் மருமகளும் லோக்கல் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டால், சால் எனப்படும் வரிசைக் குடியிருப்பு வீட்டில் எல்லாம் ஆச்சியின் பொறுப்புதான். குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் டிரம்மை நிரப்ப வேண்டும்; பேத்தியைப் பால்வாடியில் விட வேண்டும்; தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஆச்சியின் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனது, அவர் மயங்கி விழுந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிகிறது.

திட்டங்கள் இல்லாமலில்லை. மகாராஷ்டிர அரசு 2024இல் தொடங்கிய லாட்கி பஹீண் திட்டத்தில் பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் கிடைக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் வரை இருக்கலாம். ஆனால் 65 வயதோடு அது முடிந்துவிடுகிறது. அதன்பின் ஷ்ராவண்பாள் முதியோர் ஓய்வூதியம் கேட்டுப் போனால், வருமான வரம்பு ஆண்டுக்கு 21,000 ரூபாய். மகன் வாட்ச்மேன் வேலை பார்த்தாலே குடும்ப வருமானம் அந்த வரம்பைத் தாண்டிவிடும். 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டம் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தருகிறது. அதுவும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். வீட்டில் படுத்திருப்பவருக்கு அதில் எதுவும் இல்லை.

ஆகவே நாங்கள் கோருவது:

1. 65 வயதைக் கடந்த பெண்களுக்கும் அதே இரண்டரை லட்ச வரம்பில் மாத உதவி தொடர வேண்டும்.
2. கல்யாண்-டோம்பிவலி மாநகராட்சி வார்டுதோறும் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையம் திறக்க வேண்டும்.
3. படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கு மாதம் ஒருமுறையாவது செவிலியர் வர வேண்டும். வரும்போது பராமரிப்பவரின் உடல்நிலையையும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் கைவிட்டால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். ஆனால் அந்த நிலைக்கு விடாதீர்கள். மகன்களே, வாரத்தில் ஒரு நாளாவது வீட்டுப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டு, அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.