தூதராலயப் பணமும் ஊராரின் கணக்கும்

அந்நியத் தூதராலயங்களிடம் பணம் பெற்று நல்லாட்சி பற்றிப் பேசுவோர் யாவரும் நாட்டைக் காட்டிக் கொடுப்போரே என்னும் கூக்குரல் தென்னிலங்கையிலே காலத்துக்குக் காலம் எழுந்து அடங்குவது வழக்கம். கூக்குரல் அடங்கினாலும் அதன் பயனாய் எழுந்த சட்டங்கள் அடங்குவதில்லை. 1980இல் தொண்டர் சமூக சேவை அமைப்புகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1990இல் பிரேமதாச அரசு இவ்வமைப்புகளை விசாரிக்க ஆணைக்குழு நியமித்தது. 1998இன் திருத்தமோ, ஓர் அமைப்பின் நிருவாகத்தையே இடைக்காலச் சபையொன்றிடம் ஒப்படைக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கிற்று. 2014 யூலையிலே, பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த செயலகம், பத்திரிகையாளர் மாநாடு நடத்துதலும் அறிக்கை விடுத்தலும் இவ்வமைப்புகளின் பணியல்ல என்று சுற்றறிக்கை அனுப்பியதை நம் வாசகர் மறந்திரார். கிணறு திருத்தும் சங்கத்துக்கும் பாதுகாப்பு அமைச்சுக்கும் என்ன உறவு என்று அன்று நாம் வியந்தோம்.

இவ்வளவு ஐயம் கொண்ட அரசு, தான் மட்டும் அந்நியரின் அறிவுரையை நாடாதிருந்ததா? 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்திடம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடனுக்கு உடன்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் அந்நிதியம் இலங்கையின் ஆட்சிமுறையைச் சோதித்து, ஊழலின் ஊற்றுகளைச் சுட்டி அறிக்கை வெளியிட்டது. ஆசியாவிலேயே இத்தகைய சோதனைக்கு முதன்முதல் உட்பட்ட நாடு நம் நாடே. அரசு அந்நியரிடம் கேட்டால் அது சீர்திருத்தம். கிளிநொச்சியிலுள்ள ஒரு சங்கம் கேட்டால் அது சதியா? ஆதலால், 2024இல் வெளிவந்த புதிய சட்டமூல வரைவு போன்று பதிவாளரின் பிடியை மேலும் இறுக்கும் எம்முயற்சியையும் நாம் எதிர்க்கின்றோம்.

எனினும், மறுபக்கத்தை மறைத்துப் பேசுவது எமது வழக்கமன்று. தூதராலயப் பணத்தால் நன்மை விளைந்ததுண்டு. ஜப்பானியத் தூதராலயத்தின் அடிமட்ட நிதியுதவியால் வன்னியிலே கண்ணிவெடி அகற்றப்பட்டது. அது கண்ணுக்குத் தெரியும் நன்மை. ஆனால் ‘ஆட்சிச் சீர்திருத்தம்’ என்னும் பெயரால் வரும் பணத்தின் விளைவைக் கமக்காரன் எங்கே காண்பான்? விடுதி மண்டபத்திலே இரு நாட் கருத்தரங்கு, மதிய விருந்து, ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை. அத்துடன் பலவற்றின் கதை முடிகின்றது. கனடா வழங்கும் உள்ளூர் முயற்சி நிதிக்கு விண்ணப்பிப்பதாயின் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுத வேண்டும். முல்லைத்தீவின் கமக்காரர் அமைப்பு எந்த மொழியில் தன் குறையை எழுதும்? எழுதித் தரும் இடைத்தரகருக்கே முதற்பங்கு.

மேலும், அப்பணம் நிலையானதுமன்று. 2025 ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி இட்ட ஒரு கையொப்பம் உலகெங்கும் அந்நாட்டின் உதவியை நிறுத்தியது. 1961இல் தொடங்கிய அபிவிருத்தி முகவராண்மை அதே ஆண்டு யூலையுடன் தன் பணியை முடித்துக்கொண்டது. வாஷிங்டனில் மாறிய காற்றுக்கு இங்கே விளக்கணையும் அமைப்பு, மக்களிடம் வேரூன்றியது என்று சொல்லத் தகுமா?

இதனினும் பெரிய குறையொன்றுண்டு. 2023 மார்ச்சில் கலைந்த உள்ளூராட்சிச் சபைகளுக்கு 2025 மே மாதத்திலேதான் தேர்தல் நடந்தது. வட மாகாண சபையின் காலமோ 2018 அக்டோபரில் முடிந்தது. ஏழு ஆண்டுகள் சென்றும் தேர்தல் இல்லை. உறுப்பினரே இல்லாத சபைக்கு எத்தூதுவர் பணம் கொடுத்தாலும் என்ன சீர்திருத்தம் செய்ய முடியும்? மாகாண சபைத் தேர்தலை வற்புறுத்தாது பயிற்சிப் பட்டறைகளுக்குப் பணம் தருவது, வாய்க்காலில் நீரில்லாத வயலுக்கு வரம்பு கட்டுவதை ஒக்கும்.

கணக்குக் கேட்கும் உரிமை யாருக்குரியது? பாதுகாப்பு அமைச்சுக்கன்று, யாருடைய பெயரால் பணம் வாங்கப்படுகின்றதோ அந்த ஊராருக்கே. இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலே பலர் அறியாத ஏற்பாடொன்று உண்டு. அரசாலோ அந்நிய அரசாலோ சர்வதேச அமைப்பாலோ கணிசமாக நிதியளிக்கப்பட்டு மக்களுக்குச் சேவை செய்யும் அரசசார்பற்ற அமைப்பும், அச்சேவையைப் பொறுத்தவரை, அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. கேட்பவன் காரணம் கூற வேண்டியதில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. எழுத இயலாதவன் வாயாற் கேட்கலாம். தகவல் அலுவலர் அதனை எழுத்தில் பதிய வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படல் வேண்டும்.

இவ்வமைப்புகளின் நிருவாகக் குழுக்களில் நம் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் வீற்றிருக்கின்றனர். அவர்களுக்கே இதனைச் சொல்கின்றோம். யாரிடம் எவ்வளவு பெற்றோம், சம்பளத்துக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு என்பதைத் தமிழிலே எழுதிக் கமநல சேவை நிலையத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். கேட்கும் முன்பே காட்டுவோர்மீது எவரும் பழி சுமத்தல் அரிது. தூதராலயங்களும் தமிழில் எழுதிய விண்ணப்பத்தை ஏற்க முன்வர வேண்டும். மொழிபெயர்க்கும் செலவு அவர்களுக்குப் பெரிதன்று. அவ்வாறு ஒட்டப்படாத இடங்களில், கமக்காரர் அமைப்புகள் அடுத்த போகத்துக்கான கூட்டத்திலேயே தகவல் விண்ணப்பமொன்றை எழுதிக் கையொப்பமிடட்டும்.