அபூர்வம்தானே, எதுக்கு சார் டென்ஷன்?

டெல்லியில குளிர் ஆரம்பிச்சா தெருமுனைக்குத் தெருமுனை வேர்க்கடலை வண்டி. எல்லாருக்கும் கொண்டாட்டம். எங்க வீட்டுல மட்டும் வயித்துல புளி. என் பொண்ணுக்கு வேர்க்கடலை அலர்ஜி. நாலு தும்மல், கொஞ்சம் அரிப்போட போற ரகம் இல்லைங்க. மூச்சையே அடைக்கிற ரகம்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு டிசம்பர். அப்ப அவ ரெண்டாங்கிளாஸ். கூடப் படிக்கிற பையனுக்குப் பிறந்தநாள். ஆளுக்கு ஒரு துண்டு கஜக். எள்ளு மிட்டாய்தானேன்னு மிஸ் நினைச்சுட்டாங்க. அதுல வேர்க்கடலையும் இருந்திருக்கு. உதடு வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சு இழுக்க ஆரம்பிச்சப்புறம் எனக்குப் போன்: "வந்து கூட்டிட்டுப் போங்க." பிராஞ்சிலேர்ந்து போய்ச் சேர நாற்பது நிமிஷம். அதுவரைக்கும் அவங்க செஞ்ச சிகிச்சை, ஒரு டம்ளர் தண்ணி. ஆஸ்பத்திரியில தொடையில ஒரு அட்ரினலின் ஊசி போட்டாங்க. பிழைச்சா.

மறுநாள் பிரின்சிபால் மேடம் சொன்னது: "ரெண்டாயிரம் பேர் படிக்கிற இடம் சார். ஒரு குழந்தைக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா? இது ரொம்ப அபூர்வம்."

அபூர்வம்தான். ஒத்துக்கறேன். 2020-ல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வுல, இந்தியப் பள்ளிக் குழந்தைகள்ல உணவு அலர்ஜி இருக்க வாய்ப்புள்ளவங்க சுமார் 0.14 சதம்தான். ஹாங்காங்ல 1.5 சதம். ஆனா நான் காமர்ஸ் படிச்சவன், கணக்கு போட்டுப் பார்ப்பேன். ரெண்டாயிரம் பேர்ல 0.14 சதம்னா மூணு குழந்தை!

எங்க பிராஞ்ச் சுவத்துல ஒரு சிவப்பு சிலிண்டர் தொங்குது. என் இருபது வருஷ சர்வீஸ்ல அதை யாரும் எடுத்து அடிச்சதில்லை. ஆனாலும் ஆடிட்டர் வந்தா அதோட தேதியைப் பார்ப்பார். தீ அபூர்வம்னு அதைக் கழட்டி வெச்சா சும்மா விடுவாரா?

நம்ம ஆளுங்களும் சளைச்சவங்க இல்லை. "கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும் மாப்பிள்ளை" - இது என் மாமியார். கைக்குழந்தையிலேயே வேர்க்கடலை குடுத்தா அலர்ஜி வர்றது வெகுவா குறையுதுன்னு 2015-ல் லண்டன் ஆய்வு காட்டினது உண்மை. அது அலர்ஜி வராம தடுக்க. ஏற்கெனவே மூச்சடைக்கிற பிள்ளைக்கு வீட்டுல நாமளே ஊட்டிப் பார்க்கறதுக்கு இல்லை.

டொரண்டோ பக்கம் இருக்கிற நம்ம சொந்தங்களுக்கு சப்ரினா சட்டம் தெரிஞ்சிருக்கும். பால் அலர்ஜி இருந்த 13 வயசுப் பொண்ணு, 2003-ல் பள்ளியில சாப்பிட்டதுக்கு அப்புறம் இறந்துபோனா. 2006 ஜனவரியிலேர்ந்து ஒன்டாரியோ பள்ளிகள்ல ஒவ்வொரு அலர்ஜிக் குழந்தைக்கும் தனித் திட்டம் கட்டாயம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கட்டாயம். நல்லெண்ணத்தோட ஊசி போட்ட டீச்சர் மேல நஷ்டஈடு கேஸ் போட முடியாது. இங்கேயும் பாக்கெட்டுல வேர்க்கடலை, பால், முட்டை, சோயா இருந்தா லேபிள்ல சொல்லணும்னு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி இருக்கு. பிஸ்கட் பாக்கெட்டுக்கு இருக்கிற அக்கறை வகுப்பறைக்கு வேண்டாமா?

நான் வேர்க்கடலையைத் தடை பண்ணச் சொல்லலை. கேக்கறது நாலே விஷயம். டாக்டர் எழுதிக் குடுத்த திட்டம், போட்டோவோட ஆபீஸ் ரூம்ல. அட்ரினலின் கைக்கெட்டுற இடத்துல, அதைப் போடத் தெரிஞ்ச ரெண்டு பேர். ஊசி போட்டதும் ஆம்புலன்ஸ்; அப்பாவுக்குப் போன் அதுக்கப்புறம். பிறந்தநாள் பலகாரம்னா முந்தின நாளே ஒரு தகவல். அந்த மருந்து ஒரு ஆம்பியூல் சினிமா டிக்கெட்டை விட மலிவுங்க. அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், அடைக்கிற மூச்சைத் திறக்காது.

ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த நமக்குப் பக்கத்து வீட்டுல பாட்டி இல்லை, கூப்பிட்ட குரலுக்கு வர சித்தப்பா இல்லை. காலையில ஏழு மணிக்கு நம்ம உசுரைப் பள்ளிக்கூடத்தை நம்பித்தான் விட்டுட்டு வர்றோம். அடுத்த பெற்றோர் கூட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மூச்சடைச்சா முதல் அஞ்சு நிமிஷம் என்ன செய்வீங்க?" உங்க பிள்ளைக்கு அலர்ஜி இல்லாட்டியும் கேளுங்க. நான் ஒருத்தன் கேட்டா அபூர்வம். நாப்பது பேர் கேட்டா ஏற்பாடு.