சிக்கனம் யார் தட்டில்?

சிக்கனம் என்று சொன்னவுடனே நம்மவர்களில் அநேகருக்கு இரண்டு சந்தேகங்கள் வந்துவிடுகின்றன. இது கருமித்தனமல்லவா என்பது ஒன்று. இது சந்நியாசமல்லவா என்பது மற்றொன்று. இரண்டுமல்ல. கடன் கொடுத்தவன் எதிரில் வரும்போது சந்துக்குள் திரும்பாமல் நேரே நடந்து போகக்கூடிய நிலைமையைத்தான் நாம் சிக்கனம் என்கின்றோம்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். கூலி போதாதவனைப் பார்த்து, கூலியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "அப்பா, சிக்கனமாயிரு" என்று உபதேசம் செய்வது சுத்தப் பித்தலாட்டமேயாகும். இராஜபாளையத்து நூல் மில்களிலும், பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகளிலும் வேலை செய்கின்றவர்கள் நல்ல கூலி கேட்கத்தான் வேண்டும். ஆனால் உயர்த்தி வாங்கிய கூலியும் வட்டிக்காரன் பைக்கே போகுமானால் வாங்கி என்ன பலன் என்று கேட்கின்றோம்.

கணக்கைப் பார்ப்போம். மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்குகின்றவன் வருஷத்தில் 12,000 ரூபாய் வட்டி கட்டுகின்றான். முதல் அப்படியே நிற்கின்றது. இம்மாதிரிக் கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டமே செய்யப்பட்டது. சட்டமும் இருக்கின்றது; வட்டியும் இருக்கின்றது. மற்றொரு பக்கம், டீக்கடைக்கும் பீடி சிகரெட்டுக்கும் தினம் 40 ரூபாய் கொடுக்கின்றவன் வருஷத்தில் 14,600 ரூபாய் கொடுத்துவிடுகின்றான். இவன் அந்தப் பத்தாயிரத்தைக் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொள்ள ஜோசியமா பார்க்க வேண்டும்?

நாமும் இதில் யோக்கியரல்ல. இருபது வருஷத்துக்கு முன் வீட்டில் ஒரு காதுகுத்துக்கு ஊரை அழைத்து, ஆடு வெட்டி, கடன் வாங்கினோம். சாப்பிட்டவர்கள் மறுநாளே மறந்துவிட்டார்கள். நாம் நாலு வருஷம் மறக்க முடியவில்லை. அந்த நாலு வருஷமும் நம்முடைய டீ நிற்கவில்லை, பீடி நிற்கவில்லை. வீட்டம்மாளின் தட்டில்தான் குழம்பு குறைந்தது. அது நம் கண்ணில் படவே வெகுநாளாயிற்று.

நம் வீடுகளில் சிக்கனம் என்றால் அது அடுப்பங்கரையில்தான் ஆரம்பிக்கின்றது. அரை லிட்டர் பால் கால் லிட்டராகின்றது. பெண் குழந்தையின் படிப்புச் செலவு அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுகின்றது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகின்றவளுக்குச் சட்டியில் ஒட்டினது மிஞ்சுகின்றது. ஆண்பிள்ளையின் சட்டைப்பைப் பக்கம் மாத்திரம் சிக்கனம் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆகவே மாறுதலைச் சட்டைப்பையிலிருந்து ஆரம்பியுங்கள். வேலைக்குச் சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்; அதையும் நீங்களே எழுந்து கட்டிக்கொள்ளுங்கள். கூப்பிடு தூரத்திலுள்ள கடைக்கு மோட்டார் சைக்கிளை உதைக்காமல் நடந்து போங்கள். கையிலுள்ள கைப்பேசி நன்றாய்ப் பேசும்போது தவணைக்குப் புதிது எடுக்காதீர்கள். அட்சய திருதியையன்று வாங்கிய தங்கம் பெருகும் என்கின்றார்கள். பெருகினது நகைக்கடைதான், கடன்பட்டு வாங்கிய தங்கம் ஆடிப்பூரத் தேருக்கு முன்னாலேயே அடகுக்கடைக்குப் போய்விடுகின்றது.

இதற்காக நாம் பால்கோவாவையும் விடச் சொல்லுகின்றோம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழர்கள் கிளப்பிவிட வேண்டாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. காசு கொடுத்துத் தின்னுங்கள், வீட்டுக்கும் வாங்கிப் போங்கள். கடன் சொல்லித் தின்னாதீர்கள். படிப்புச் செலவிலும் கை வைக்காதீர்கள். புத்தகம் வாங்க முடியாதவனுக்கு அதே ஊரில் 1875-ல் ஏற்பட்ட பென்னிங்டன் நூலகம் இருக்கின்றது.

நிற்க, பெரிய செலவாகிய கல்யாணத்துக்கு நமது ஜில்லாவே வழி காட்டியிருக்கின்றது. 1928-ல் அருப்புக்கோட்டைக்கருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னிலையில் புரோகிதரில்லாமல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அன்று சட்டம் அதை ஒப்பவில்லை. 1967-ல் அண்ணா மந்திரிசபை செய்த திருத்தத்தினால், உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே சட்டப்படி கல்யாணம். முன்னே நடந்தவைகளும் செல்லும் என்றாயிற்று. சட்டத்துக்கு இரண்டு மாலை போதுமாயிருக்க, நம் தோழர்கள் வீட்டிலேயே குளிர்சாதன மண்டபமும், தெருவை மறைக்கும் பிளக்ஸ் பேனரும், தலைக்குமேல் பறக்கும் காமிராவும் வேண்டியிருக்கின்றது. புரோகிதருக்குத் தட்சிணை இல்லை என்று பெருமை பேசிவிட்டு, அதைப்போல் நூறு பங்கை மண்டபக்காரருக்குக் கடன் வாங்கிக் கொடுப்பதில் என்ன பகுத்தறிவு இருக்கின்றது? சொன்னால் கோபம் வருகின்றது. வரட்டும்.

இந்த மாதம் ஒவ்வொரு தோழரும் ஒரு நோட்டு வாங்கித் தம் கைச்செலவை மாத்திரம் தினமும் எழுதி வரட்டும். வீட்டுச் செலவை எழுத வேண்டாம். அதைப் பெண்கள் ஏற்கெனவே மனத்தில் எழுதி வைத்திருக்கின்றார்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, பிறகு நடந்ததை நமக்கு எழுதியனுப்பினால், இடமிருக்கும் வரையில் பிரசுரிக்கப்படும்.