மூடும் நேரத்தைப் போர்டில் எழுதுங்கள்

போன மாதக் கடைசியில் பென்ஷன் ஏறிவிட்டதா என்று பார்க்க வங்கி ஆப்பைத் திறந்தேன். இந்தப் போனில் இனி இது வேலை செய்யாது என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். நேற்று வரை வேலை செய்த ஆப்!

போன் 2016-ல் வாங்கியது. கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. பேட்டரி மட்டும் ஒருமுறை மாற்றினேன். சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் அக்கா மகனைக் கூப்பிட்டேன்.

"போன்ல கோளாறு ஒண்ணும் இல்ல மாமா. உள்ள இருக்கிற ஆண்ட்ராய்டு பழசு. ஆறாம் பதிப்பு, 2015-ல வந்தது. அதுல ஓட்டை கண்டுபிடிச்சா அடைக்க இப்ப ஆள் இல்ல. அதுல உங்க பணத்தை வச்சுக்க பேங்க் பயப்படுது."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பூட்டு பழுதான வீட்டில் நகையை வைக்கக் கூடாதுதான். என் கேள்வி வேறு. பூட்டு இத்தனை வருஷம்தான் தாங்கும் என்று விற்கும்போதே ஏன் சொல்லவில்லை?

ஆண்ட்ராய்டை எழுதுவது கூகுள். ஆனால் அதன் திருத்தம் நம் கைக்கு வர, சிப் செய்கிறவர், போன் செய்கிறவர் என்று பல கை மாற வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகச் சோதிக்க வேண்டும். விற்று முடிந்த போனுக்கு அந்தச் செலவைச் செய்ய யாருக்கு மனசு வரும்? ஆப்பிள் கம்பெனி போனையும் அதன் மென்பொருளையும் தானே செய்வதால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது. 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது.

மற்றவர்களாலும் முடியாத காரியம் இல்லை. 2023-ல் பிக்சல் 8 போனுக்கு 7 வருஷம் அப்டேட் தருவதாக கூகுள் அறிவித்தது. அடுத்த வருஷம் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. இரண்டும் விலை கூடிய போன்கள். பென்ஷன்காரர்கள் வாங்குவது பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய் போன்.

அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தபட்சம் எதுவரை கிடைக்கும் என்பதைக் கம்பெனி சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருஷம் அப்டேட் தர வேண்டும்.

நம் ஊரில் இருமல் மருந்துக்கும் ரொட்டி பாக்கெட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. போன் பெட்டியிலோ விலையும் தயாரித்த மாதமும்தான் இருக்கின்றன. "அப்டேட் இந்தத் தேதி வரை" என்று இன்னும் ஒரு வரி அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? பத்தாயிரம் ரூபாய் போன் இரண்டு வருஷம், பதினாலாயிரம் ரூபாய் போன் ஐந்து வருஷம் என்று தெரிந்தால் எதை வாங்குவது என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்வோம்.

வங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆப்பை நிறுத்துவதற்கு மூன்று மாதம் முன்னால் சொல்லுங்கள். பாஸ்புக் போடும் கவுண்டரை மூடாதீர்கள்.

நண்பர்களே, நீங்களும் இன்றே பாருங்கள். செட்டிங்ஸில் "அபவுட் போன்" பகுதிக்குப் போனால் ஆண்ட்ராய்டு பதிப்பும் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் தேதியும் இருக்கும். சில போன்களில் அந்தத் தேதி "செக்யூரிட்டி" என்ற பகுதியில் இருக்கும். தேதி ரொம்பப் பழசாக இருந்தால் பணம் சம்பந்தப்பட்ட வேலையை அந்தப் போனில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாட்டு கேட்க அது போதும். என் போன் இப்போது சமையலறையில் பாடிக்கொண்டிருக்கிறது.

தபால் ஆபீசில் 34 வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். மணியார்டர் எத்தனை மணி வரை என்று போர்டில் எழுதி வைப்போம். நேரம் முடிந்து வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே போவார், ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டார். நான் கேட்பதும் அந்த ஒரு போர்டுதான்.