ஊர்க்கணக்கு: கரும்புக்கு ஆலை வந்தது... தர்பூசணிக்கு?

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ சென்னையிலிருந்து தெற்கே போனவர்கள் எல்லோருக்கும் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தெரியும். நகராத வரிசையில் உட்கார்ந்து, முன்னால் நிற்கும் லாரியின் நம்பர் பிளேட்டை மனப்பாடம் செய்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. வழியில் ஏதோ ஒரு மோட்டலில் பஸ் நிற்கும். ஆறிப்போன காபிக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதும் மறக்காது. விழுப்புரம் மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்த வார ஊர்க்கணக்கில் அங்கே இறங்கிப் பார்ப்போம்.

முதலில் பாதைகள். விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ரயில் ஐந்து திசையில் பிரிகிறது: சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, அப்புறம் புதுச்சேரி. புதுச்சேரி பாதை 1879-லேயே வந்துவிட்டது. திண்டிவனத்தில் சாலைகள் ஆறு பக்கம் பிரிகின்றன: சென்னை, புதுச்சேரி, விழுப்புரம், செஞ்சி, வந்தவாசி, மரக்காணம். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஒரு கோட்டத்துக்குத் தலைமையிடமே விழுப்புரம்தான். தொழில் வளர முதலில் வேண்டியது ரோடும் ரயிலும் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். இந்த ஊருக்கு அது இரண்டுமே அதிகமாகவே கிடைத்தது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். தென்னாற்காட்டிலிருந்து பிரிந்து 1993-ல் இந்த மாவட்டம் உருவானது. 2011 கணக்கெடுப்பின்போது மக்கள் தொகை 34.58 லட்சம். அதில் நூற்றுக்கு 85 பேர் கிராமத்தில் இருந்தார்கள். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியபோது, நாட்டிலேயே பின்தங்கிய 200 மாவட்டங்களைத்தான் முதலில் எடுத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம் பிடித்தவை ஆறு. அந்த ஆறில் விழுப்புரமும் ஒன்று. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் போன பிறகு மீதி இருப்பது ஒன்பது தாலுகா.

பாதை இருந்தும் பணம் ஏன் நிற்கவில்லை? என்னென்ன பொருள் இந்த மாவட்டத்தைவிட்டு வெளியே போகிறது, எந்த நிலையில் போகிறது என்று பார்த்தால் ஓரளவு புரியும்.

கரும்பிலிருந்து தொடங்கலாம். பிரிவதற்கு முந்தைய விழுப்புரம், தமிழ்நாட்டின் முன்னணிக் கரும்பு மாவட்டம். முண்டியம்பாக்கத்தில் தனியார் சர்க்கரை ஆலை, பெரியசெவலையில் செங்கல்வராயன் கூட்டுறவு ஆலை. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகள் கள்ளக்குறிச்சி பக்கம் போய்விட்டன.

ஆலைகள் இங்கே வந்ததற்குக் காரணம் கரும்பின் குணம். வெட்டிய கரும்பு காத்திருக்காது. ஒரு நாள் தாண்டினாலே எடை குறையும், சாற்றில் இருக்கும் சர்க்கரையும் குறையும். அதனால் கரும்பை ரயிலேற்றித் தூரத்துக்கு அனுப்பி அரைக்க முடியாது. ஆலைதான் கரும்பைத் தேடி வரவேண்டும். வந்ததும் அதைச் சுற்றி ஒரு சின்ன உலகம் உருவாகிவிட்டது: டிராக்டர் டிரெய்லர் ஓட்டுகிறவர்கள், வெல்டிங் பட்டறை, டயர் கடை, வெட்டுக்கூலி மேஸ்திரி, கட்டிங் ஆர்டருக்காகக் கரும்பு அலுவலரின் பின்னால் அலைகிற விவசாயி. சாறு சர்க்கரையாகிறது, சக்கை எரிந்து மின்சாரமாகிறது, கடைசியில் மிஞ்சும் மொலாசஸ் ஆல்கஹாலாகிறது. ஒரே பயிரிலிருந்து மூன்று நான்கு சரக்கு.

விவசாயிக்கு எவ்வளவு? 2024-25 அரவைப் பருவத்தில், சர்க்கரைக் கட்டுமானம் 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் மத்திய அரசு வைத்த விலை டன்னுக்கு 3,151 ரூபாய். தமிழக அரசின் ஊக்கத்தொகை 349 ரூபாய். மொத்தம் 3,500. பன்னிரண்டு மாதம் நிலத்தை ஒரே பயிருக்குக் கட்டிப்போட்டு, வெட்டுக்கூலியும் கொடுத்த பிறகு இதில் மிஞ்சுவது சொற்பம். நிலுவைத்தொகை கேட்டு நடக்கும் போராட்டச் செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். அதனால் கரும்பு இந்த ஊரைப் பணக்கார ஊராக்கிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஆலைக்குள் நடக்கிற வேலை உள்ளூரில் நடக்கிறது, அதுதான் வித்தியாசம்.

அடுத்து வேர்க்கடலை. இதில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் இருக்கிறது. விதைக்கடலை வாங்கும் விவசாயிகள் 'டி.எம்.வி.' என்று சொல்லும் ரகங்களைக் கேட்டிருப்பீர்கள். அந்த மூன்றெழுத்து குறிப்பது திண்டிவனத்தை. இங்கே இருக்கும் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்கள் அவை. 1940-ல் வெளிவந்த டி.எம்.வி. 2, தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திரா, கர்நாடகா வரை பல பத்தாண்டுகள் பயிரானது. எள்ளிலும் டி.எம்.வி. ரகங்கள் உண்டு.

ஆக, ஊர் பெயரை விதைக்குக் கொடுத்த ஊர் இது. ஆனால் கடலை மிட்டாய் என்றதும் உங்களுக்கு எந்த ஊர் ஞாபகம் வருகிறது? கோவில்பட்டி. 2020-ல் புவிசார் குறியீடும் அவர்களுக்குத்தான் கிடைத்தது. கோவில்பட்டிக்காரர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை (மிட்டாய் மேல் பிரியம்தான்). உருண்டையாகவும் கட்டியாகவும் மாற்றிப் பேர் வாங்கினார்கள். காய்ந்த வேர்க்கடலை மூட்டையில் மாதக்கணக்கில் காத்திருக்கும், எவ்வளவு தூரமும் போகும். அதனால் இங்கே ஆலைக்குப் பதில் லாரிதான் வந்தது. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், விக்கிரவாண்டி ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நெல்லும் கடலையும் உளுந்தும் மலை மலையாகக் குவிகிற நாட்களைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். மறுநாள் களம் காலி.

மற்றவையும் இப்படித்தான். மரக்காணத்தில் உப்பு. வானூர், மரக்காணம் பக்கத்துச் சவுக்கு, கட்டடச் சாரத்துக்கும் காகித ஆலைகளுக்கும் போகிறது. திருவக்கரையைச் சுற்றி கல் குவாரிகளும் கிரஷர்களும். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கல்மரங்கள் கிடக்கிற அதே திருவக்கரைதான். உடைத்த ஜல்லி சென்னையிலும் புதுச்சேரியிலும் அடுக்குமாடியாக எழும்புகிறது, தூசி இங்கேயே தங்குகிறது. சிறுவந்தாட்டில் பட்டு நெசவு, அய்யூர் அகரத்தில் காகிதக்கூழ் விநாயகர் சிலை என்று கைத்தொழிலும் உண்டு. இரண்டுமே தனித்தனியாக ஒரு வாரம் எழுதவேண்டிய கதை.

இப்போது தர்பூசணி. மாசி பிறந்தால் திண்டிவனம், மரக்காணம் வட்டாரச் சாலையோரங்களில் பச்சைக் குவியல்களைப் பார்க்கலாம். விதைத்து 65, 70 நாளில் காய் வெட்டலாம் என்பதால் சின்ன விவசாயிக்கு இது கோடை லாட்டரி மாதிரி. வியாபாரி வயலுக்கே வந்து விலை பேசுவார். விலை நல்லபடி அமைந்தால் இரண்டே மாதத்தில் கடன் அடையும். அமையாவிட்டால் காயை வயலிலேயே மாட்டுக்கு விட வேண்டியதுதான், ஏனென்றால் பழுத்த தர்பூசணியும் கரும்பு மாதிரியே காத்திருக்காது.

2025 கோடையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பழத்தில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு கிளம்பி, வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றி, மக்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். சரியாக அறுவடை நேரம். விலை விழுந்தது. விவசாயிகள் பழங்களோடு வந்து போராடினார்கள். விவசாயிகள் தரப்பு நியாயத்தைச் சொல்லும் செய்திகள் பின்னால் வந்தன, ஆனால் அதற்குள் பழம் அழுகிவிட்டது. எங்களைப் போன்ற டிஜிட்டல் டெஸ்க்குகளில் 'தர்பூசணி' அந்த வாரம் முழுக்க டிரெண்டிங். வயலில் இருந்தவருக்கு ஒரு வருடக் கணக்கு போச்சு. அன்றைக்குக் காயை வாங்கிக்கொள்ள பக்கத்தில் சாறு ஆலையோ குளிர்பதனக் கிடங்கோ இருந்திருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

அதனால்தான் திண்டிவனம் சிப்காட் உணவுப் பூங்காவைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. மணப்பாறை, தேனியோடு சேர்த்து இங்கேயும் உணவுப் பூங்கா என்று அரசு அறிவித்தபோது, உள்ளூர் விளைச்சலுக்கு இனி ஒரு வாசல் திறக்கும் என்று பலரும் நினைத்தார்கள். 2024 ஆகஸ்டில் ஒரு பெரிய பெயர் வந்தது: டாபர். தென்னிந்தியாவில் அந்த நிறுவனத்தின் முதல் ஆலை. முதலில் 135 கோடி ரூபாய், ஐந்து ஆண்டுகளில் 400 கோடி வரை முதலீடு, 250 பேருக்கு வேலை என்று ஒப்பந்தம்.

நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் அறிவித்த சரக்குகள் தேன், பற்பசை, அறைக்கு வாசனை தரும் ஓடோனில். மூன்றிலும் வேர்க்கடலையும் கிடையாது, தர்பூசணியும் கிடையாது. ஆலை இங்கே வருவதற்குக் காரணம் நெடுஞ்சாலையும் நிலமும், சென்னைத் துறைமுகமும் தென்னிந்தியச் சந்தையும் பக்கத்தில் இருப்பதும். இங்கே என்ன விளைகிறது என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. பேலாக்குப்பத்துக்காரருக்கு வேலை கிடைக்கலாம், அவருடைய வயலில் விளைந்ததற்குக் கிடைக்காது.

எல்லாப் பழியையும் அரசு மேலும் கம்பெனி மேலும் போட்டுவிடவும் முடியாது. தர்பூசணிச் சாற்றைச் சூடுபடுத்தினால் வாசனை மாறிவிடும். மாம்பழக்கூழ் மாதிரி டின்னில் அடைத்து வருடம் முழுக்க விற்பது சுலபமில்லை. தோலில் டூட்டி ஃப்ரூட்டி போடலாம், விதையை வறுத்து விற்கலாம், வெட்டிய பழத்தைக் குளிர்பெட்டியில் சென்னைக்கு அனுப்பலாம். பெரிய கம்பெனிகள் இதற்கெல்லாம் வருமா என்பது சந்தேகம், சின்ன யூனிட்களுக்குத்தான் சரிப்படும். மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைந்த கிருஷ்ணகிரியிலேயே 2025-ல் மாங்காய் விலை சரிந்து விவசாயிகள் தவித்தார்கள். ஆலை வந்துவிட்டால் கஷ்டம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் கிருஷ்ணகிரி விவசாயி சண்டை போடுவதற்காவது ஒரு ஆலை வாசல் இருக்கிறது.

தொழிற்சாலைகள் ஏன் முன்பே வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் பக்கத்து வீட்டில் இருக்கிறது. புதுச்சேரி. வரிச்சலுகை கொடுத்து அவர்கள் ஆலைகளை அழைத்த காலத்தில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை என்று தொழிற்பேட்டைகள் எழுந்தன. புதுச்சேரி எல்லை துண்டு துண்டாக விழுப்புரம் மாவட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், வரைபடத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு தெரு தள்ளிப் போட்டால் வரி மிச்சம் என்றால் எந்த முதலாளி இந்தப் பக்கம் போடுவார்? ஆலை அந்தப் பக்கம், சைக்கிளில் போகிற ஆள் இந்தப் பக்கம்.

தண்ணீரும் ஒரு காரணம். தென்பெண்ணையும் சங்கராபரணியும் மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறுகள். வீடூர் அணையின் பாசனம் 3,200 ஏக்கர், அதிலும் 1,000 ஏக்கர் புதுச்சேரிக்கு. தென்பெண்ணையில் தளவானூரில் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை, திறந்த சில மாதங்களிலேயே 2021 ஜனவரியில் உடைந்தது. வந்தாலோ மொத்தமாக வரும். 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டு, தென் மாவட்ட ரயில்களே நின்றன.

வெளியே போகிற பொருட்களில் கடைசியாகச் சொல்லவேண்டியது, பொருளே இல்லை. ஆள். விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரம் நின்றால் தெரியும், கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். ஒரகடம், செய்யாறு என்று போர்டு. சாப்பாட்டு டப்பாவோடு ஏறுகிறவர்களில் பாதிப்பேர் இருபதுகளில் இருக்கும் பெண்கள். கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போனவர்கள், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்கள் கணக்கு தனி. கிராமத்தில் எந்த வீட்டில் பையனைப் பற்றிக் கேட்டாலும் "மெட்ராஸ்ல இருக்கான்" என்பதுதான் பதில். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு நூறு நாள் வேலை. 2025-26-ல் அதற்கு நாள் கூலி 336 ரூபாய்.

காக்குப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து முடித்தவர்கள் ஏறுவதும் அதே சென்னை பஸ்தான். 2024 பிப்ரவரியில் வானூர் அருகே திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா திறந்தார்கள், 63,000 சதுர அடி, சுமார் 500 பேர் வேலை பார்க்கலாம். 500 சின்ன எண்தான். ஆனால் அந்த 500 பேர் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு வேலைக்குப் போகலாம்.

செஞ்சிக்கு இன்னும் ரயில் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை பாதை, திண்டிவனம்–நகரி பாதை என்று பல ஆண்டுகளாக பட்ஜெட்டுக்கு பட்ஜெட் பெயர் வருகிறது. ரயில் வரவில்லை. நெல்லும் கடலையும் குவிகிற செஞ்சிக்கு லாரிதான் கதி.

வருகிற கோடையில் அந்தப் பக்கம் போனால் ரோட்டோரத்தில் நிறுத்தி ஒரு தர்பூசணி வாங்குங்கள். எந்த ஊர்க் காய், வயலில் டன் என்ன விலைக்குப் போனது என்று விற்கிற அக்காவிடம் கேட்டு, கமென்ட்டில் எழுதுங்கள். வயல் விலையையும் நீங்கள் கொடுத்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பட்டியல் போடலாம் என்று இருக்கிறேன்.

அடுத்த வாரம்: பிரிந்துபோன தம்பி, கள்ளக்குறிச்சி.